டெய்லரும் மரத்தூளும் பின்னே ஒரு தவணைக் கணக்கும்

பி.காம். படித்தவர்கள் எஃப். டபிள்யூ. டெய்லரை அவ்வளவு சுலபமாக மறந்துவிட முடியாது. 'விஞ்ஞானபூர்வ மேலாண்மையின் தந்தை' என்று ஆரம்பித்து, ஐந்து பாயிண்ட் எழுதி, அடியில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டால் பத்து மார்க்குக்கு ஏழு நிச்சயம். நானும் எழுதியிருக்கேன். ஸ்டாப்வாட்சோடு தொழிலாளி பின்னாடியே அலைந்த ஒரு முசுட்டு மனுஷர், அவ்வளவுதான் என் மனசில் இருந்த டெய்லர்.

எங்கள் வணிகவியல் புத்தகம் சொல்லாமல் விட்ட ஒரு பாதி அவரிடம் இருக்குங்க. அந்த மனுஷர் 26 வருஷம் இரும்பை வெட்டி வெட்டிப் பார்த்தவர். 1906-ல் அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தின் தலைவராக அவர் படித்த கட்டுரை, உலோகம் வெட்டும் கலையைப் பற்றியது. 8 லட்சம் பவுண்டு இரும்பையும் எஃகையும் சீவித் தள்ளியிருக்கிறார். எல்லாம் எதுக்கு? கடைசல் மெஷின் முன்னால் நிற்கும் ஆள் தினமும் தனக்குத் தானே கேட்டுக்கொள்ளும் மூணு கேள்விக்கு: எந்த உளியைப் போடுவது, எவ்வளவு வேகத்தில் சுற்றுவது, எவ்வளவு வேகத்தில் நகர்த்துவது. இதற்குள் 12 விஷயங்கள் ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு நிற்கின்றன என்று கண்டுபிடித்து, அதைக் கணக்குப் போட ஸ்லைடு ரூல் வரைக்கும் செய்ய வைத்தார். ஸ்டாப்வாட்ச் சமாச்சாரத்துக்கும் இந்த இரும்புச் சீவலுக்கும் ஆரம்பம் ஒரே பட்டறைதான்.

இதெல்லாம் எனக்குத் தெரிய வந்தது கல்லூரியில் இல்லை. நாற்பதைத் தாண்டின பிறகு, தில்லியில், ஒரு வராக்கடன் ஆகவிருந்த கணக்கின் புண்ணியத்தில்.

எங்கள் கிளை இருக்கிற பக்கம் புசா ரோடு. ஊருக்குப் போகும்போதெல்லாம் "அதென்ன பூசா, மார்கழி பூஜையா?" என்று யாராவது கேட்பதால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். புசா என்பது பீகாரில் ஒரு ஊர். 1905-ல் வெள்ளைக்காரன் அங்கே விவசாய ஆராய்ச்சி நிலையம் தொடங்கினான். 1934 ஜனவரி பூகம்பத்தில் கட்டடம் பிளந்து போக, 1936-ல் நிலையத்தைத் தில்லிக்குத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிலையத்தோடு ஊர்ப் பேரும் ரயிலேறி வந்துவிட்டது. நம்மை மாதிரிதான் :-)

தமிழ் ஆட்களுக்கு புசா ரோடு என்றால் தில்லித் தமிழ்க் கல்விக் கழகத்தின் பள்ளிக்கூடம். இந்தப் பக்கம் கரோல் பாக், அந்தப் பக்கம் பட்டேல் நகர், தலைக்கு மேலே 2005 டிசம்பர் கடைசி நாளில் ஓட ஆரம்பித்த மெட்ரோ. ராஜேந்திரா பிளேஸில் ஏறினால் மூணாவது ஸ்டேஷன் கீர்த்தி நகர். இறங்கி நடந்தால் மர மார்க்கெட், பர்னிச்சர் மார்க்கெட். மழை நாளில் அங்கே ஒரு வாசனை வரும் பாருங்கள். தேக்கும் சீசமும் ஃபெவிகாலும் பாலீஷும் கலந்து, அப்படியே கொசுவர்த்தி சுற்ற வைக்கும். எங்கள் தெரு ஆசாரி வீட்டுத் திண்ணை.

சரி, கணக்குக்கு வருவோம். (வாடிக்கையாளர் யாரென்று தெரியக்கூடாது என்பதால் ஒன்றிரண்டு விவரத்தை மாற்றியிருக்கேன். தொழில் தர்மம்.)

அப்பா சஹாரன்பூர்க்காரர், கை வேலை. சீசம் பலகையில் கொடியும் இலையும் செதுக்குவதில் அந்த ஊருக்கே பேர். வயசு அறுபதைத் தாண்டியாச்சு. பையன் ஐ.டி.ஐ. முடித்தவன். 2022-ல் முத்ரா திட்டத்தில் 'தருண்' பிரிவில் 8 லட்சம் கடன். எட்டடிக்கு நாலடிப் பலகை படுக்கிற அளவில் ஒரு சி.என்.சி. ரவுட்டர். ஐந்து வருஷம், 11 சதவீதம், மாசத் தவணை சுமாராக 17,400 ரூபாய். முதல் ஒரு வருஷம் தேதி தவறவில்லை. 2023 தீபாவளிக்கு முன்னால் ஒரு தவணை நின்றது, அடுத்ததும் வரவில்லை. 30 நாள் தாண்டி எஸ்.எம்.ஏ. 1 என்று சிஸ்டமே மஞ்சள் கொடி காட்டியது. 90 நாள் தாண்டினால் வராக்கடன். அதற்கப்புறம் அந்தப் பையன் பேரில் சிபில் கறை. வருஷக்கணக்கில் யாரும் அவனைத் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிணையில்லாக் கடன் என்பதால் நஷ்டம் ஒன்றுமில்லை என்று வெளியில் நினைக்கிறார்கள். பேருக்கு வரும் நஷ்டத்தை என்ன செய்ய?

கிளையில் எல்லோரும் சொன்ன காரணம் புகைமூட்டம். அந்த நவம்பரில் காற்று மோசமாகி, கிராப் விதிகளில் மூணாம் கட்டம், நாலாம் கட்டம் என்று அடுத்தடுத்துப் போட்டு கட்டுமான வேலைகளை நிறுத்தினார்கள். வீடு கட்டவில்லை என்றால் கதவு ஏது, ஜாலி ஏது? கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கோப்பில் அப்படியே எழுதி மூடியிருக்கலாம். ஆனால் ஜி.எஸ்.டி. ரிட்டர்னைப் பார்த்தேன், விற்பனை அப்படி ஒன்றும் விழவில்லை. ஆர்டர் இருக்கு, காசு இல்லை. அப்படியென்றால் ஓட்டை உள்ளே எங்கேயோ இருக்கு. யூனிட் விசிட் கிளம்பினேன்.

தகரக் கொட்டகை. நுழையும்போதே தீஞ்ச வாசனை. அடுப்பில் விட்ட பால் மாதிரி இல்லை, பழைய பேப்பர் கருகிற மாதிரி. எம்.டி.எஃப். பலகையில் ஜாலி வெட்டிக்கொண்டிருந்தது மெஷின். வெட்டின ஓரமெல்லாம் பழுப்பு, மூலைகளில் கருப்பு. ஓரமாக இரண்டு பேர் உட்கார்ந்து அந்தக் கருப்பை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். சுவரோரம் தேய்த்தும் போகாத பலகைகள் ஏழெட்டு. பழைய பிஸ்கட் டப்பா நிறைய முனை கருகின பிட்டுகள். பையன் இருமிக்கொண்டே இருந்தான். தரையில் தூள் பாண்ட்ஸ் பவுடர் மாதிரி, காலை வைத்தால் எழும்பியது.

ஓட்டை எங்கே என்று எனக்கே தெரிந்துவிட்டது. காசெல்லாம் அந்த பிஸ்கட் டப்பாவிலும் உப்புத்தாளிலும் சுவரோரத்திலும் இருந்தது. ஏன் தீய்கிறது என்பதுதான் தெரியவில்லை. வவுச்சர் பார்க்கிற ஆளுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? வாசலுக்கு வந்து கோயம்புத்தூரில் இருக்கிற என் மச்சினனைக் கூப்பிட்டேன். பீளமேட்டுப் பக்கம் சின்னதாக ஒரு சி.என்.சி. பட்டறை வைத்திருக்கிறான்.

"மாப்ள, ஒரு சந்தேகம். மரம் வெட்ற ரவுட்டர். ஓரமெல்லாம் தீயுது."

"மாமா, ஸ்பிண்டில் எத்தனைல சுத்துதுனு கேளுங்க."

கேட்டேன். "இருபத்தி நாலாயிரமாம்."

"ஃபீடு?"

"நிமிஷத்துக்கு ரெண்டாயிரம் மில்லிமீட்டராம்."

"பிட்டு எத்தனை எம்.எம்.? பல்லு எத்தனைங்க?"

"ஆறு எம்.எம்., ரெண்டு பல்லு."

அந்தப் பக்கம் இரண்டு நொடி சத்தமே இல்லை. அப்புறம் சிரித்தான். "மாமா, அவங்க மரத்தை வெட்டலீங்க. தேச்சுட்டிருக்காங்க."

அவன் சொன்ன கணக்கு நம் வட்டிக் கணக்கை விட சுலபம். பிட்டு ஒரு தடவை சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் ஒரு கடி கடிக்கும். அந்தக் கடியின் தடிமனுக்கு சிப் லோடு என்று பேர். நகரும் வேகத்தை, சுற்றால் வகு, பல்லின் எண்ணிக்கையால் வகு. 2,000-ஐ 24,000-ஆல் வகுத்து, இரண்டால் வகுத்தால் 0.042 மில்லிமீட்டர். தலைமுடியே அதைவிடத் தடிமனாக இருக்கலாம். அவ்வளவு மெல்லிசாகப் பல்லால் கடிக்க முடியாது. மேலே வழுக்கிக்கொண்டு போகும். வழுக்கினால் சூடு.

அந்தச் சூடு எங்கே போகும் என்பதில்தான் விஷயமே இருக்கு. இரும்பு வெட்டும்போது மேலே கூலண்ட் ஊற்றுவார்கள், இரும்பே சூட்டை வாங்கிக்கொண்டும் போகும். மரம் சூட்டைக் கடத்தாது. தண்ணீரும் ஊற்ற முடியாது. சூட்டை வெளியே தூக்கிக்கொண்டு போவதற்கு இருக்கிற ஒரே வண்டி, வெட்டி விழுகிற சீவல்தான். சீவல் தடிமனாக இருந்தால் சூடு அதோடு பறந்துவிடும். தூளாக இருந்தால் சூடு பிட்டிலேயே தங்கும். பிட்டு முனை மழுங்கும், மழுங்கினால் இன்னும் வழுக்கும், இன்னும் சூடு. கூட்டு வட்டி.

தேங்காய் துருவி வைத்து யோசித்தால் உடனே விளங்கும். கொஞ்சம் அழுத்தித் துருவினால் பூவாய் விழும். பயந்து பயந்து மேலாகத் தேய்த்தால் பாலும் பிசுக்கும்தான் வரும், கையும் வலிக்கும்.

"ஏன்டா தம்பி ரெண்டாயிரத்துல ஓட்டறே?" என்று பையனைக் கேட்டேன். (இந்தியில்தான். என் இந்திக்கு இதுவே அதிகம்.) வாங்கின முதல் வாரம் ஏழாயிரத்தில் ஓட்டினானாம். பிட்டு படாரென்று உடைந்து தகரத்தில் போய்க் குத்தியதாம். மாட்டிக் கொடுத்த ஆள், "மெதுவா ஓட்டு, பத்திரம்" என்று சொல்லிவிட்டுப் போனானாம். அன்றிலிருந்து ரெண்டாயிரம். சுற்று மட்டும் முழுசு. வி.எஃப்.டி.யில் 400 ஹெர்ட்ஸ் என்று வைத்துக் கொடுத்தது, அப்படியே இருந்தது. இரண்டு துருவ மோட்டாருக்கு 400 ஹெர்ட்ஸ் என்றால் 24,000 சுற்று, 300 என்றால் 18,000. திருகினால் குறையும் என்பது அவனுக்குத் தெரியும். குறைக்கணும் என்று யாரும் சொல்லவில்லை.

மாப்ள அதையும் போட்டு உடைத்தான். "அன்னிக்கு உடைஞ்சது ஃபீடால இல்லீங்க மாமா. எவ்வளவு ஆழம் இறக்கினான்னு கேளுங்க."

12 மில்லிமீட்டர் பலகையை ஒரே மூச்சில். ஆறு மில்லிமீட்டர் பிட்டு. பொதுவான விதி, ஒரு தடவைக்கு பிட்டின் விட்டம் அளவு ஆழம் இறக்கலாம். அதைப்போல இரண்டு மடங்கு இறங்கினால் சிப் லோடைக் கால் பங்கு குறைக்கணும், மூணு மடங்கு என்றால் பாதி. பலகையும் நடுவில் சரியாகப் பிடித்திருக்கவில்லை, எம்பியிருக்கு. ஆக, தப்பு ஆழத்திலும் பிடிப்பிலும். தண்டனை ஃபீடுக்கு. அப்புறம் பயத்தில் நாலு நாலு மில்லிமீட்டராக மூணு தடவை ஓட்டிக்கொண்டிருந்தான்.

எனக்கு இந்த இடத்தில் பேனா அரித்தது. அந்த ஜாலி டிசைனில் வெட்டுப் பாதையின் மொத்த நீளம் சுமார் 120 மீட்டர். மூணு தடவை என்றால் 360 மீட்டர். நிமிஷத்துக்கு 2 மீட்டர் வீதம், ஒரு பலகைக்கு மூணு மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு பலகை, மூணாவது பாதியில் நிற்கும். கடன் கேட்டபோது கொடுத்த திட்ட அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். 'உற்பத்தித் திறன் 70 சதவீதம்' என்று பந்தாவாக எழுதி, கீழே சார்ட்டர்டு அக்கவுண்டண்ட் முத்திரை. அந்த 70 எந்த ஃபீடில், எந்த ஆழத்தில்? ஒரு வரி இல்லை. மெஷின் விலைக்கு மூணு கொட்டேஷன் கேட்கிற நாம், மெஷின் ஓடுகிற வேகத்துக்கு ஒரு கேள்வி கேட்பதில்லை. எங்கள் படிவத்தில் அதற்குக் கட்டமே கிடையாது. அப்போதிலிருந்து நான் கேட்கிறேன். வருகிற பதிலை ஓரத்தில் பென்சிலில் குறித்துக்கொள்கிறேன்.

திரும்ப கொட்டகைக்குள். புது பிட்டு மாட்டி, வி.எஃப்.டி.யை 300-க்கு இறக்கச் சொன்னான் மாப்ள, வீடியோ காலில். ஆழம் ஆறு மில்லிமீட்டர், இரண்டே தடவை. ஃபீடு 3,000-ல் ஆரம்பித்து 500, 500 ஆக ஏற்றணும். ஒவ்வொரு தடவையும் தரையில் விழுவதை எடுத்து விரலில் தேய்த்துப் பார்க்கணும். வெட்டி முடிந்து, மெஷின் முழுசாக நின்ற பிறகு பிட்டைத் தொட்டால் வெதுவெதுப்பு இருக்கலாம், சுடக் கூடாது. (ஓடும்போது கிட்டே கையைக் கொண்டு போகாதீர்கள். விரல் பத்துதான்.)

புத்தக அட்டவணைப்படி ஆறு மில்லிமீட்டர் பிட்டுக்கு கடின மரத்தில் 0.23-லிருந்து 0.28 வரை, ப்ளைவுட்டில் 0.28-லிருந்து 0.33 வரை, எம்.டி.எஃப்.பில் 0.33-லிருந்து 0.4 வரை போகலாம். மூணு மில்லிமீட்டர் பிட்டு என்றால் இதில் பாதிகூடக் கிடையாது. சீசத்துக்கு 0.1 என்பதே தாராளம். ஆனால் அட்டவணை போட்டவர்கள் டன் கணக்கில் எடை இருக்கிற தொழிற்சாலை மெஷினை மனசில் வைத்துப் போட்டது. கீர்த்தி நகர் தகரக் கொட்டகையில் நிற்கும் இரும்புச் சட்டத்துக்கு அது மேல் வரம்பு. நாங்கள் 0.33-ஐக் கனவுகூடக் காணவில்லை.

3,000-ல் தூள். 4,000-ல் ரவை. 5,000 தாண்டியதும் விழுவது மாறியது. எம்.டி.எஃப். சுருளாக வராது, அது பொடி பண்ணி ஒட்டின மரம்தானே. ஆனால் பவுடர் மாதிரி பறக்காமல், கனமாகத் தரையில் விழுந்தது. 6,000-ல் சத்தமே வேறு. அதுவரை கீச்சென்று பல்லைக் கூச வைத்தது அடங்கி, ஒரு கனமான இரைச்சல். 7,000-ல் சட்டம் ஆடியது, ஓரத்தில் அலை அலையாகக் கோடு. திரும்ப 6,000-க்கு வந்தோம். வகுத்துப் பார்த்தேன், 0.167. தீஞ்ச வாசனை இல்லை.

காகிதத்தில் ஒரு பலகைக்கு இப்போது 40 நிமிஷம். நிஜத்தில் ஆனது கிட்டத்தட்ட ஒரு மணி. எங்கே போனது மீதி 20 நிமிஷம் என்று கேட்டால், கரோல் பாக் சந்துக்குள் ஆட்டோ பிடித்துப் போனவர்களுக்குத் தெரியும். மீட்டரில் என்ன வேகம் இருந்தால் என்ன, பத்தடிக்கு ஒரு திருப்பம். மெஷினும் அப்படித்தான். நிமிஷத்துக்கு 6,000 என்றால் நொடிக்கு 100 மில்லிமீட்டர். சின்ன மெஷின் நின்ற நிலையிலிருந்து அந்த வேகத்தை எட்டவே ஒரு சென்டிமீட்டர் வரை வேண்டியிருக்கும். ஜாலி டிசைனில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு வளைவு. ஏறுவதற்குள் இறங்கணும். நகர்வு குறையும், சுற்று குறையாது. அந்த இடத்தில் திரும்ப தேய்ப்புதான். மூலைகளில் மட்டும் கருப்பு மிச்சமிருந்ததற்குக் காரணம் இது.

இதற்கு மருந்து ஃபீடை ஏற்றுவது இல்லை. எண்ணை ஏற்றலாம், மெஷின் எட்டாது. சுற்றைக் குறைக்கணும், அல்லது பல்லைக் குறைக்கணும். ஒற்றைப் பல் பிட்டு போட்டால் 18,000 சுற்றில் 3,000 ஃபீடுக்கே அதே 0.167 வந்துவிடும். நெருக்கமான பூ வேலைக்கு அதை வைத்துக்கொண்டார்கள். சுற்றை ரொம்பக் குறைத்தாலும் சிக்கல். 200 ஹெர்ட்ஸுக்கு வந்தால் ஸ்பிண்டிலின் சக்தி பாதியாகிவிடும், திணறும். எதிர்த்திசையில் பெரிய பிட்டு இருக்கு. பலகையை மட்டம் தட்டுகிற 50 மில்லிமீட்டர் கட்டரை 18,000-ல் சுற்றினால் அதன் விளிம்பு நொடிக்கு 47 மீட்டர் ஓடும். அதே சுற்றில் ஆறு மில்லிமீட்டர் பிட்டின் விளிம்பு ஆறு மீட்டர்கூட ஓடாது. ஒரே எண், எட்டு மடங்கு வித்தியாசம். விட்டம் பெருத்தால் சுற்றைக் குறைப்பது கட்டாயம்.

இத்தனை நேரமும் பெரியவர் ஒரு மூலையில் உளி தீட்டிக்கொண்டு எங்களைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். மெஷின் வந்ததிலிருந்து அவர் அதன் பக்கம் வருவதே இல்லை என்று பையன் சொன்னான். அதில் கோபம் இருந்ததா வருத்தம் இருந்ததா தெரியவில்லை. எம்.டி.எஃப். முடிந்து, சீசம் பலகையில் ஒரு வளைவு வெட்டினார்கள். எண்ணெல்லாம் சரி, ஆனால் வளைவின் ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் நார் நாராகப் பிய்ந்திருந்தது. நான் மாப்ளயைத் திரும்பக் கூப்பிடலாமா என்று பார்க்க, பெரியவர் எழுந்து வந்தார். ஒன்றும் பேசவில்லை. சாக்பீஸ் எடுத்தார். பலகையின் ரேகையை விரலால் தடவி, வளைவின் உச்சியிலிருந்து இந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி, அந்தப் பக்கம் ஒரு அம்புக்குறி போட்டார். இரண்டும் கீழ்நோக்கி.

"உளியை நான் இப்படித்தான் விடுவேன், சாஹப். இதுவும் உளிதானே?"

வளைவை ஒரே கோடாக வெட்டாமல் உச்சியில் இரண்டாகப் பிரித்து, இரண்டு பக்கமும் ரேகையோடு இறங்குகிற மாதிரி பாதையை மாற்றினான் பையன். ஓரத்தில் அரை மில்லிமீட்டர் விட்டுவைத்து, கடைசியில் ஒரே சீராக எடுத்தார்கள். பிய்யவில்லை. எம்.டி.எஃப்.புக்கு ரேகை கிடையாது, அதனால் ஒரு வருஷமாக இந்தப் பேச்சே எழவில்லை. இரவு மாப்ளயிடம் சொன்னபோது, "எங்க பட்டறைல இரும்பு, அலுமினியம்தானுங்க மாமா. ரேகை எல்லாம் எனக்குத் தெரியாது. அவரையே கேட்டுக்கச் சொல்லுங்க" என்றான்.

புடைப்புச் சிற்ப வேலையில் கணக்கு வேறு மாதிரி. இரண்டடிக்கு இரண்டடி, அதாவது 600-க்கு 600 மில்லிமீட்டரில் ஒரு கஜலட்சுமி என்று வையுங்கள். துவாரகா பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் சுவாமி அலமாரிக்குக் கேட்பது இதைத்தான். ஆறு மில்லிமீட்டர் உருண்டை முனை பிட்டு, ஒரு கோட்டுக்கும் அடுத்த கோட்டுக்கும் நடுவே பிட்டு விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு, 0.6 மில்லிமீட்டர். ஆயிரம் கோடு, 600 மீட்டர் ஓட்டம். நிமிஷத்துக்கு 3 மீட்டர் என்றால் மூணு மணி இருபது நிமிஷம். இன்னும் நைஸாக வேண்டும் என்று 0.3 வைத்தால் நேரம் இரட்டிப்பு, ஆறு மணி நாற்பது. மெஷின் அதற்கு வாடகை கேட்கும். பெரியவர் சொன்ன யோசனை, 0.6-லேயே நிறுத்திவிடு, கண்ணும் விரலும் நகையும் நான் பார்த்துக்கொள்கிறேன். ஒரு மணி நேரத்தில் அவர் செய்து முடித்ததை மெஷின் கூடுதல் மூணேகால் மணியில் செய்திருந்தாலும் அந்தக் கண் வந்திருக்காது. இது என் அபிப்பிராயம். மெஷின்காரர்கள் சண்டைக்கு வரலாம்.

என் வீட்டம்மாவுக்கும் அந்தக் கஜலட்சுமி மேல் ஒரு கண். கடன் வாங்கினவரிடம் சாமான் வாங்குவதில்லை என்று சொல்லி மறுத்துவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் ரசம் சாதம்தான் :-)

கை வேலைக்காரர்களுக்கு 2023 செப்டம்பர் 17-ல் ஆரம்பித்த பி.எம். விஸ்வகர்மா திட்டம் இருக்கு. 18 தொழில், தச்சும் அதில் ஒன்று. 15,000 ரூபாய்க்குக் கருவி, 5 சதவீத வட்டியில் முதலில் ஒரு லட்சம், ஒழுங்காகக் கட்டினால் அப்புறம் இரண்டு லட்சம். நம் ஊரில் அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020-லும் கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-லும் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கேயும் இந்த மெஷின் பேச்சு வந்தால் ஆச்சரியமில்லை. உளியா மெஷினா என்று பட்டிமன்றம் வைப்பவர்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் அலுப்பு. கொட்டகைக்குள் கேள்வி வேறு: யார் எந்தப் பாதியைச் செய்வது, அந்தப் பாதிக்கு எவ்வளவு கூலி.

அந்த இருமல் விஷயத்தை விட்டுவிட்டேனே. மரத்தூளைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பட்டியலில் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 1995-லேயே சேர்த்துவிட்டது. தேய்த்தால் வருகிற நைஸ் தூள் மூக்கைத் தாண்டி உள்ளே போகும், வெட்டினால் வருகிற சீவல் தரையில் விழும். தில்லி நவம்பர் காற்றில் இதுவேறயா? அதோடு, சூடான பொறி ஒன்று தூள் பைக்குள் போய் உட்கார்ந்தால் மணிக்கணக்கில் புகைந்து ராத்திரி பற்றும். பழைய தூள் பையைத் தொட்டுப் பார்த்தபோது அடியில் ஒரு இடம் பழுப்பாக இருந்தது. தீ இன்ஷூரன்ஸ் புதுப்பித்திருக்கிறார்களா என்று அங்கேயே பார்த்தேன். இருந்தது. தூள் பையை ராத்திரி வெளியே வைத்துவிட்டுப் போகச் சொன்னேன்.

ஒற்றைப் பல் பிட்டு எட்டு, ஒரு நல்ல காலெட், ஒரு முகமூடி டப்பா. மொத்தச் செலவே ஒரு தவணைக்குள் அடங்கிவிட்டது. டிசம்பரில் ஒரு தவணை வந்தது, ஜனவரியில் இரண்டு. மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது பாக்கி இல்லை. கட்டுமானத் தடை அடுத்த குளிர்காலத்திலும் வந்தது. ஆர்டர் அப்போது நிஜமாகவே குறைந்தது, ஒரு தவணை பத்து நாள் தள்ளிப்போனது. பிஸ்கட் டப்பாவில் மட்டும் பாதிக்கு மேல் பிட்டு சேரவில்லை.

சுவாமி அலமாரியோ ஜாலியோ செய்யக் கொடுப்பவர்கள் ஒன்றைப் பார்த்து வாங்குங்கள். உள்மூலை. சுற்றுகிற பிட்டால் உள்பக்கம் கூர்மையான மூலை வெட்டவே முடியாது. ஆறு மில்லிமீட்டர் பிட்டு என்றால் மூணு மில்லிமீட்டர் ஆரத்தில் ஒரு வளைவு தங்கித்தான் தீரும். என்ன வேகம் வைத்தாலும், என்ன ஃபீடு வைத்தாலும். மூலை கூர்மையாக இருந்தால் அங்கே ஒரு உளி வந்து போயிருக்கு என்று அர்த்தம். பெரியவர் இப்போது அதைத்தான் செய்கிறார், மெஷின் பக்கத்திலேயே ஒரு பலகை போட்டு உட்கார்ந்துகொண்டு. போன விசிட்டில் பில் புத்தகத்தைப் புரட்டினேன். மெஷின் கூலிக்குக் கீழே தனி வரியாக 'மூலை, கை வேலை' என்று எழுதி, ஒரு மூலைக்கு இவ்வளவு என்று ரேட் போட்டிருந்தது. ரேட் பெரியவர் கையெழுத்தில்.